ஆணியில் ஈரத் துண்டு

எங்கள் ஊர் வெந்நீர் விடுதியின் வரவேற்பறையில் ஒரு கையேடு வைத்திருக்கிறார்கள். பளபளப்பான தாள், பன்னிரண்டு பக்கம், ஊரின் வரலாறு என்று தலைப்பு. முதல் பக்கத்தில் ஓர் இளவரசன் மானைத் துரத்திக்கொண்டு மலையேறுகிறான். காயம்பட்ட மான் சுடுநீர் ஊற்றில் இறங்கி, காயம் ஆறித் துள்ளி ஓடுகிறது. இளவரசனாவது மானாவது. இந்த ஊருக்குத் தபால் வருவதே வாரத்தில் மூன்று நாள். இளவரசனுக்கு இங்கே என்ன வேலை?

அதைக்கூட மன்னித்துவிடுவேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "உள்ளூர் மக்களுக்கான பழைய குளியல் தொட்டி ஒன்றும் இங்கு உண்டு." ஒன்றும் உண்டாம். அந்த ஒரு வரியைப் படித்த அன்றுதான் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அந்தத் தொட்டியை நாற்பத்து நான்கு வருடமாக ஒரு நாள் விடாமல் திறந்துவருபவள் என் நாத்தனார், என் கணவரின் அக்கா. மரியாதைக்கு "அவர்" என்று எழுதலாம்தான். இத்தனை காலம் மனசுக்குள் "அவள்" என்றே திட்டி வந்திருக்கிறேன். திடீரென்று மாற்றினால் அவளே நம்பமாட்டாள்.

முதலில் வரலாறு. மலைக்கு அந்தப் பக்கம் சரக்கு கொண்டுபோன கோவேறு கழுதைக்காரர்கள்தான் இங்கே முதலில் தங்கியவர்கள். அவர்களுடைய கம்பளிகளை வெளுத்துக் கொடுக்க ஒரு விதவை இருந்தாள். ஊற்றுத் தண்ணீரில் கையை விட்டால் தோல் கழன்றுவிடும். அதை வாய்க்கால் வெட்டி வளைத்துக் கொண்டுவந்து, ஆறவிட்டு, கம்பளி ஊறவைக்கத் தன் கையாலேயே ஒரு கல் தொட்டி கட்டினாள். கால் வீங்கி வந்த கழுதைக்காரர் ஒருவர் கம்பளிகளுக்கு நடுவே தானும் இறங்கி உட்கார்ந்தார். எழுந்தபோது நன்றாக நடந்தார். கழுதையும் நன்றாக நடந்தது என்று சொல்கிறார்கள். அது எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு டாக்டர் வந்து தண்ணீரைப் புட்டியில் அடைத்துக்கொண்டு போனார். மூட்டு வலிக்கு நல்லது என்று எழுதினார். உடனே விடுதி கட்ட ஒரு பணக்காரர் வந்தார். ஊற்று இருந்த நிலம் வெளுக்கிறவளுடையது. தருகிறேன், ஆனால் என் தொட்டி ஊருக்குப் பொதுவாக இருக்கவேண்டும், தண்ணீர் முதலில் அங்கே வந்துதான் விடுதிக்குப் போகவேண்டும் என்றாள். பணக்காரர் தலையாட்டினார். அவருடைய வக்கீல் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தார். தினமும் பொழுது சாய்வதற்குள் ஒருவராவது அங்கே குளித்தாகவேண்டும். ஒரே ஒரு நாள் தவறினாலும் தொட்டியும் தண்ணீரும் விடுதிக்குச் சேரும். பொறுப்பாளர் குளித்தால் கணக்கில்லை. பொறுப்பாளரின் அடுப்பில் சாப்பிடுகிறவர் குளித்தாலும் கணக்கில்லை.

முதல் குளிர்காலத்திலேயே தொட்டி கைக்கு வந்துவிடும் என்று வக்கீல் நினைத்திருப்பார். எல்லாச் சட்டமும் படித்த மனிதர், எங்கள் ஊர்க்காரர்களின் பிடிவாதத்தை மட்டும் படிக்கவில்லை. ஊரில் முப்பத்தொரு வீடு. மாதத்தில் ஆளுக்கு ஒரு நாள் முறை என்று வைத்துக்கொண்டார்கள். முறை வீட்டில் ஒருவர் குளிக்கவேண்டும். காய்ச்சலோ கல்யாணமோ, சாக்கு கிடையாது. குளித்தவரின் ஈரத் துண்டை வெளிச்சுவரில் அடித்த பெரிய ஆணியில் மாட்டவேண்டும். விடுதித் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் அந்த ஆணி நேராகத் தெரியும். பொழுது சாயும்போது விடுதியில் மணி அடிப்பார்கள். மணி அடிக்கும்போது ஆணியில் துண்டு இருக்கவேண்டும். அவ்வளவுதான் நிர்வாகம்.

என் நாத்தனாரின் அம்மா இந்தத் தொட்டிக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அவர் போனபோது நாத்தனாருக்கு வயது பத்தொன்பது, தம்பிக்குப் பதினொன்று. அம்மாவை அடக்கம் செய்த அன்றும் கதவு திறந்திருந்தது. அன்றைய முறைக்காரர் அழுதுகொண்டே குளித்துவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து விடியும் நேரத்தில் மதகுப் பலகையைத் தூக்குவது இவள்தான். முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்ப்பாள். விடுதியில் சூடு பார்க்க எண்கள் மின்னுகிற கருவி வந்தபோது, இவளுக்கும் ஒன்று தரட்டுமா என்று கேட்டார்கள். "என் முழங்கைக்கு பேட்டரி மாத்த வேண்டியதில்ல" என்று திருப்பி அனுப்பினாள்.

திங்கட்கிழமை தோறும் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்குவாள். எங்கள் தண்ணீர் போகிற வழியெல்லாம் சுண்ணாம்பைப் படியவைத்துக்கொண்டே போகும். இரண்டு மாதம் செதுக்காமல் விட்டால் வாய்க்கால் தானே அடைத்துக்கொள்ளும். குனிந்து குனிந்து அவள் முதுகு வளைந்திருக்கிறது. ஊரே மூட்டு வலிக்கு இறங்குகிற தண்ணீரைக் கொண்டுவருகிறவளுக்கு முதுகு வலி. இதைச் சொன்னால், "அதுக்கென்ன, நீ தைக்கிற துணியெல்லாம் நீயா போட்டுக்கிற?" என்பாள்.

ஒருமுறை விடுதிக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். பழைய தொட்டியில்தான் மருத்துவ குணம் அதிகம் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். எல்லோரையும் வெளியேற்றிவிட்டுத் தனியாகக் குளிக்கவேண்டும் என்று ஆள் அனுப்பினார். நாத்தனார் அவரைக் கல் குவாரித் தொழிலாளிக்கும் சலவைக்காரம்மாவுக்கும் நடுவில் பெஞ்சில் உட்காரவைத்தாள். "உங்க நம்பர் மூணு" என்றாள். மூன்றாவதாகத்தான் குளித்தார். போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனாராம். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணப் பேச்சும் வந்தது. விடுதியில் மின்சார வேலை பார்த்தவர், நல்ல மனிதர், கீழே நகரத்தில் வேலை கிடைத்துப் போனபோது கூடவரச் சொன்னார். "அங்க வந்துட்டா இங்க யாரு திறப்பா?" என்று கேட்டாள். இரண்டு பேருக்குமே வருத்தம்தான். அவர் போய்விட்டார், இவள் மதகுப் பலகையைத் தூக்கப் போய்விட்டாள். அப்போது அவளுக்கு முப்பது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது இன்னமும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கல்யாணம் கீழே சமவெளியில், என் அப்பாவின் ஊரில் நடந்தது. மலையிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். முப்பத்தொரு வீடும் இரண்டு பஸ் பிடித்து வருவதாக ஏற்பாடு. நாத்தனார் வரமாட்டாள் என்று முன்பே தெரியும்; தொட்டி திறக்கவேண்டும். தாயாக இருந்து வளர்த்த தம்பியின் கல்யாணத்துக்கே வராத பெண் எப்படிப்பட்டவள் என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் பேசினோம். அன்று முறை செருப்பு தைக்கிறவர் வீட்டுடையது. ஒண்டிக்கட்டை மனிதர். நான் இருந்து குளிக்கிறேன், நீங்கள் எல்லோரும் போய்வாருங்கள் என்று சொல்லியிருந்தார். விடியுமுன் பஸ் கிளம்பியபோது விருந்து நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. நமக்குப் பதில் யாராவது குளித்துவிடுவார்கள் என்று இரண்டாவது பஸ்ஸின் கடைசி இருக்கையில் குனிந்து உட்கார்ந்துகொண்டார். அந்த யாராவது எல்லோரும் அதே பஸ்ஸில் இருந்தார்கள்.

பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபத்துக்குத் தொலைபேசி வந்தது. சமையல்காரர் எடுத்தார். "தொட்டியில ஆள் இல்லையாம்" என்று உள்ளே வந்து சொன்னார். அந்த மூன்று வார்த்தைதான். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது.

செருப்புக்காரர் மட்டும் போனால் போதாதா? போதும். ஆனால் அவரை இனி யார் நம்புவது? அவரோடு போக இன்னொருவர் எழுந்தார். இன்னொருவர் பஸ்ஸில் தூங்கிவிட்டால் என்று மற்றொருவர் எழுந்தார். ஒரு பஸ் வழியில் கெட்டு நின்றுவிட்டால் என்று இரண்டு பஸ்ஸும் கிளம்பின. பலகாரம் பரிமாறிய இலையை அப்படியே விட்டுவிட்டு, ஒருவர் வாயில் மென்றுகொண்டே ஓடினார். மாப்பிள்ளையும் பாதி எழுந்துவிட்டார். என் அப்பா அவர் தோளில் கையை வைத்து அழுத்தி உட்காரவைத்தார். காலி நாற்காலிகளுக்கு முன்னால் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சார்பில் கலந்துகொண்டவர் மொத்தம் ஒருவர், மாப்பிள்ளை. என் அம்மா சமையற்கட்டில் இருநூறு பேர் சாப்பாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் மாலை மலைக்கு வந்து இறங்கினேன். அழுகின முட்டை வாடை மூக்கில் அடித்தது. எங்கள் தண்ணீரின் வாடை அதுதான். நாத்தனார் குளியல் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். மன்னிப்பு கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். "வாம்மா. முப்பத்தொரு வீடும் குளிச்சாச்சு" என்றாள், எனக்கு அது நல்ல செய்தி என்பதுபோல.

"உங்க தொட்டியில என் கால் படாது. உங்க அடுப்புல ஒரு வாய் சாப்பிட மாட்டேன்" என்றேன்.

"உன் இஷ்டம்" என்றாள்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் நாங்கள் நேருக்கு நேர் பேசவில்லை.

ஒரே கூரைக்குக் கீழேதான் இருந்தோம். குளியல் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாகம். நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவள் அடுப்பு, இந்தப் பக்கம் என் அடுப்பு. என் கணவர் இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டார், உடம்பைப் பார்த்தாலே தெரியும். அவர் மலைக்கும் நகரத்துக்கும் பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரர்.

"அந்தம்மா துணி காயப்போட்டிருக்கு, மழை வருதுன்னு சொல்லுடா."

"பார்த்துட்டேன்னு சொல்லுங்க."

அவர் இல்லாத நேரத்தில் சுவர்தான் உதவி. அவள் பலகையைப் பார்த்துச் சொல்வாள், நானும் பலகையைப் பார்த்துப் பதில் சொல்வேன். அந்தப் பலகைக்கு வாய் இருந்தால் எங்கள் இரண்டு பேரையும் விரட்டியிருக்கும்.

நான் தையல்காரி. ஊரில் எல்லோருக்கும் துணி தைத்தேன், விடுதிக்குத் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் தைத்தேன், நாத்தனாரின் துண்டுகளுக்குக்கூட ஓரம் அடித்தேன். அவை என் கணவர் கையில் வரும், அவர் கையிலேயே போகும். மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தேன். ஜன்னலுக்கு நேரே அந்த ஆணி. துணியிலிருந்து தலையைத் தூக்கினால் துண்டு மாட்டியாயிற்றா இல்லையா என்று கண்ணில் படும். நான் பார்க்கவில்லை, அதுவாகப் படும். மதியம் தாண்டியும் ஆணி வெறுமையாக இருந்தால் எனக்குத் தையல் கோணும்.

ஒருநாள் என் கணவரிடம் சொன்னேன், ஆளே வராவிட்டால் ஒரு துண்டை நனைத்து மாட்டிவிட்டால் தீர்ந்தது, யார் உள்ளே வந்து பார்க்கப்போகிறார்கள் என்று. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாத்திரம் கீழே வைக்கிற சத்தம் நின்றது. ஒரு வாரம் சுவருக்குக்கூடப் பேச்சு இல்லை.

இதற்கிடையே பழைய முதலாளி குடும்பம் விடுதியை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. புது மேலாளர் வந்தார். சிரித்த முகம், மெதுவான பேச்சு. பழைய தொட்டி இருக்கும் இடத்தில் கண்ணாடிக் கூரை போட்டு விருந்தினர்களுக்கு நீச்சல் குளம் கட்ட அவரிடம் வரைபடம் தயாராக இருந்தது. அறுபது ஜன்னலுக்குத் திரை தைக்கவேண்டும் என்று என் வீட்டுக்கு வந்தார். அளவு கொடுத்துவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கும் அவங்களுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு கேள்விப்பட்டேன். அவங்க அடுப்புல நீங்க ஒரு வாய் சாப்பிட்டதில்லன்னு ஊரே சொல்லுது."

"ஊரு சரியாத்தான் சொல்லுது."

"அப்ப அந்தத் தொட்டி இருந்தா என்ன, போனா என்ன? முறைக்காரங்க வராத நாள் ஏதாவது உங்க ஜன்னல்ல தெரிஞ்சா, ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. நம்ம ஆளுங்க முன்கூட்டியே தயாரா இருப்பாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் நாத்தனாரை நான் திட்டலாம். என் கணவர் முணுமுணுக்கலாம். நேற்று மலையேறி வந்தவனுக்கு என்ன உரிமை? அறுபது திரைகளையும் தரைக்கு நான்கு விரல் மேலே நிற்கிற மாதிரி வெட்டினேன். அளவு தவறிவிட்டது சார் என்றேன். இன்றைக்கும் அந்த விடுதியில் விடிந்தால் வெயில் நேராகக் கணுக்காலில்தான் விழும்.

ஆறு வருடத்துக்கு முன்பு, மழைக்காலத்தில், நான்கு நாள் விடாமல் கொட்டியது. ஊருக்கு மேலே சரிவில் வெடிப்பு விட்டிருக்கிறது, மலை இறங்கக்கூடும் என்று ஐந்தாம் நாள் விடியற்காலையில் உத்தரவு வந்தது. எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். தொட்டி திறக்குமுன்பே ஆட்களை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைய முறை வீட்டில் இருந்த வயதான தம்பதியை ஆம்புலன்ஸில் முதலாவதாகக் கொண்டுபோனார்கள். மற்றவர்களுக்குக் குழந்தை, மாடு, மூட்டை. என் கணவர் இரண்டு தடவை பஸ்ஸில் ஆள் கொண்டுபோய் விட்டுவிட்டு மூன்றாவது தடவைக்கு வந்தபோது மதியம் ஆகியிருந்தது. கடைசி வண்டி அது.

நாத்தனார் வரவில்லை. "திறந்து வச்சிருக்கேன். ஆள் வந்தா யாரு பார்ப்பா?" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். போலீஸ்காரர் சொல்லிப் பார்த்தார், தம்பி கெஞ்சிப் பார்த்தார். மாலையில் ஜீப்பில் வந்து வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொள்கிறோம் என்று போலீஸ்காரர் சொன்ன பிறகுதான் என் கணவர் வண்டியில் ஏறினார்.

மேலாளர் குடையோடு பஸ் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். விடுதி விருந்தினர்கள் எப்போதோ போயாயிற்று. அவர் எண்ணியது எங்களை. நான் ஏறும்போது தாளில் கடைசிக் கோடு போட்டார். பிறகு தலையைத் திருப்பி, எதிரே சுவரில் வெறுமையாக இருந்த ஆணியைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"நீங்க வரலையா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"மணி அடிச்சிட்டு ஜீப்புல வரேன்" என்றார்.

"இந்த மழையைக் கணக்குல எடுக்கக்கூடாதா சார்?"

"பத்திரத்துல மழையைப் பத்தி ஒண்ணும் எழுதலையே. இயற்கை சீற்றம். யார் மேலயும் தப்பில்ல."

பஸ் கிளம்பியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. அந்தப் பேனா மூடியின் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக ஒரு வக்கீலுக்கு நாங்கள் தோற்கவில்லை, இந்தப் பேனாவுக்கா தோற்பது? மூன்றாவது வளைவில் எழுந்து கணவரின் இருக்கைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"வண்டியை நிறுத்துங்க."

"என்ன ஆச்சு?"

"நான் இறங்கணும்."

"மலை இடிஞ்சு விழப்போகுதுங்கிறாங்க."

"விழட்டும். அதுக்குள்ள குளிச்சிட்டு வந்துடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். தானும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவர், பின்னால் இருந்த நாற்பது பேரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவர் வந்தாலும் கணக்கில்லை, இரண்டு அடுப்பில் சாப்பிடுகிற மனிதர். கதவைத் திறந்துவிட்டார். செருப்புக்காரர் எழுந்து என்னோடு வருவதாகச் சொன்னார். அவருக்கு எழுபத்தைந்து வயது, ஒரு கால் சரியில்லை. "நீங்க ஒரு தடவை வந்ததே போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சாலை முழுக்க சேறு. ஒரு செருப்பு அதிலேயே நின்றுவிட்டது. மறு செருப்பையும் வீசிவிட்டு நடந்தேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். மேலே ஒரு கல் உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாத்தனாரைத் திட்டினேன். திட்டினால் கால் வேகமாக நடந்தது. ஊருக்குள் நுழைந்தபோது மணி நாலரை இருக்கும். தெருவில் ஒரு ஆள் இல்லை. குளியல் வீட்டு வாசலில் அவள் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மடித்து வைத்த ஒரு துண்டு.

என்னைப் பார்த்தாள். பிறகு கதவு நிலையைப் பார்த்தாள். "யாரோ வந்திருக்காங்க போலிருக்கு" என்று நிலையிடம் சொன்னாள்.

"குளிக்க வந்திருக்காங்கன்னு சொல்லு" என்று நானும் நிலையிடமே சொன்னேன்.

"கால் படாதுன்னு யாரோ சொன்னதா ஞாபகம்."

"கால் சேறா இருக்கு. கழுவணும்."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முதுகு பிடித்துக்கொண்டது. கையைக் கொடுத்தேன். விடிந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அப்போதுதான் நேராக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏன்க்கா, இந்தத் துண்டை நனைச்சு மாட்டிட்டு ஜீப்புல போயிருக்கக் கூடாதா?"

"எனக்கு நனைக்கத் தெரியாதா? இத்தனை வருஷத்துல விடுதிக்காரங்க ஒரு தடவையாவது உள்ள வந்து சரிபார்த்திருக்காங்களா? ஏன் பார்க்கலன்னு நெனைக்கிற? நாம மாட்டினா குளிச்சிருக்காங்கன்னு அவங்களுக்கே தெரியும். அதைப் போய் இன்னைக்கு நான் கெடுக்கணுமா?"

அந்தக் குளியல் வீட்டுக்குள் அன்றுதான் முதல் முறையாக நுழைந்தேன். சின்ன அறை. நான் மனசில் கட்டி வைத்திருந்த அளவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஏழு படி, நடுவில் தேய்ந்து குழிந்தவை. சுவரெல்லாம் சுண்ணாம்பு படிந்து வழவழவென்று இருந்தது. அவள் முழங்கையை விட்டுப் பார்த்து, ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றி, மறுபடி பார்த்து, "இறங்கு" என்றாள். இறங்கினேன். இருபது வருடத்துக்கு மேல் மெஷின் மிதித்த முழங்கால் என்னுடையது. மாடிப்படி ஏறினால் அழுகை வரும். கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்ததும் அந்த வலி ஒவ்வொரு நரம்பாக விட்டுக்கொண்டு போனது. ஜன்னலுக்கு இருபதடியில் இதை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் வலியோடு இருந்திருக்கிறேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அழுதேன். தண்ணீரில் அழுதால் தெரியாது என்று நினைத்தேன்.

அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். "அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியலம்மா" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் பேசல?"

"தெரிஞ்சா கோவம் போயிடுமா?"

அவள் சிரித்தாள். அவள் சிரிப்பை முதல் முறையாக அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். என் கணவரின் சிரிப்பு அப்படியே அங்கிருந்துதான் வந்திருக்கிறது. பிறகு துண்டைக் கொடுத்துத் துவட்டச் சொன்னாள், வாங்கிக்கொண்டு போய் ஆணியில் மாட்டினாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது.

நான் உடை மாற்றிக்கொண்டு வந்து நடுங்கியபடி நின்றேன். அவள் தன் அடுப்பில் பால் காய்ச்சி ஒரு டம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள். கையை நீட்டிவிட்டேன். டம்ளரின் சூடு விரலில் பட்டது. அப்போது வாசலில் குடை மடக்கும் சத்தம்.

மேலாளர் ஆணியையும் பார்த்தார், என் ஈரத் தலையையும் பார்த்தார். அந்தச் சிரித்த முகம் சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"யாரு குளிச்சது?"

"நான்தான்."

"நீங்க அவங்க வீட்டு ஆளுதானே. செல்லாதே. பொறுப்பாளர் அடுப்புல சாப்பிடறவங்க..."

டம்ளரிலிருந்து விரலை எடுத்தேன். நாத்தனார் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் வாசல்படிக்கு வெளியே கையை நீட்டி, அத்தனை பாலையும் மழையில் ஊற்றினாள்.

"யாரு சார் சாப்பிட்டது?" என்றேன். "அவங்க அடுப்புல ஒரு வாய் சாப்பிட்டதில்லன்னு ஊரே சொல்லுதுன்னு என் வீட்டுல உக்காந்து நீங்கதானே சொன்னீங்க. ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னீங்க. அறுபது திரைக்கு அளவு கொடுத்த அன்னைக்கு."

அவர் மடக்கிய குடையை மறுபடி விரித்தார். பிறகு விடுதிக்குப் போய் மணியை அடித்தார். கொஞ்சம் பலமாகவே அடித்தார்.

ஜீப் வந்தது. நாங்கள் ஏறவில்லை. போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டு போனார். மறுநாளும் நான்தான் குளித்தேன், அதற்கு மறுநாளும். ஐந்து நாள். மலை எங்கள் மேல் இறங்கவில்லை. மேல் சாலையில் பாதியையும் விடுதியின் கார் நிறுத்துமிடத்தையும் எடுத்துக்கொண்டு வேறு பக்கமாகப் போனது. ஆறாம் நாள் ஊர் திரும்பியபோது முதல் ஆளாகச் செருப்புக்காரர் வந்து, சட்டையோடு தொட்டியில் இறங்கினார்.

ஊர் கூடி முறைப் பட்டியலில் எங்கள் வீட்டையும் சேர்த்துவிட்டார்கள். இப்போது முப்பத்திரண்டு வீடு. மாதத்தில் அத்தனை நாள் ஏது என்று ஒருவர் கேட்டார். யாரும் வராத நாளெல்லாம் இவர்கள் முறை என்று முடிவானது. அதனால்தான் நாத்தனார் அடுப்பில் நான் இன்றுவரை ஒரு வாய் சாப்பிட்டதில்லை. சண்டை முடிந்துவிட்டதா என்று கேட்கிறவர்களிடம் இல்லை என்றே சொல்கிறேன். மேலாளர் காதுக்கும் அது போகவேண்டும்.

அவளுக்கு அறுபத்து மூன்று வயதாகிறது. நன்றாகச் சமைப்பாள் என்று என் கணவர் சொல்லித்தான் தெரியும். தினமும் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாசனை வரும். நான் என் தட்டைப் போட்டுக்கொண்டு தடுப்பில் சாய்ந்து உட்காருவேன். அவளும் அந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவது பலகை அசைவதில் தெரியும்.

"இன்னைக்கு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பேன்.

"உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு. மத்தபடி நல்லா வந்திருக்கு. கேளு, சொல்றேன்" என்பாள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் என் சோற்றைச் சாப்பிடுவேன்.